படுத்தால்தான் பணமா?

பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிரோன் நோய். குடலெல்லாம் புண், வயிற்றுவலியும் பேதியுமாக ஆள் பாதியாகிவிட்டான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே அடாலிமுமாப் ஊசி போட்டுக்கொள்வதால்தான் இப்போது வேலைக்குப் போகிறான். 2014 முதல் இந்தியாவிலேயே தயாராகி விலை இறங்கியும், அந்தக் குடும்பத்துக்கு எட்டவில்லை.

ஆயுஷ்மான் பாரத் அட்டையில் ஆண்டுக்கு 5 லட்சம் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். வெளிநோயாளியாக வாங்கும் மருந்துக்குக் கிடையாது. குடலை வெட்டப் பணம் வரும், வெட்டாமல் காக்கும் ஊசிக்கு வராது!

நம் புதுவைக்காரர்கள் பலர் வாழும் பிரான்சில், நீண்டகால நோய்ப் பட்டியலில் இது 24ஆவது. சிகிச்சைச் செலவை அரசுக் காப்பீடே 100 சதவீதம் ஏற்கிறது.

காலமெல்லாம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன்: படுக்கைக்குக் கொடுப்பதை ஊசிக்கும் கொடுங்கள். பையன் படுக்கவே மாட்டான்.