உம்மா, எங்கட மலையும் வெடிக்குமா?



2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி திகன, ஹாரகம பக்கம் நிலம் இலேசாக அதிர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கிழமை மடவளையில் ஒரு வீட்டில் உம்மா ரொட்டி சுட்டுக் கொண்டிருந்தார். ஆறாம் ஆண்டில் படிக்கும் மகள் அடுப்படிக்கு வந்து, “உம்மா, எங்கட மலையும் எரிமலை மாதிரி வெடிக்குமா?” என்று கேட்டாள். “கண்டதையும் பேசாமல் போய்ப் படி” என்று உம்மா அதட்டினார். அன்றிரவு விளக்கை அணைக்க விடாமலேயே அந்தப் பிள்ளை தூங்கியது.

அந்த உம்மா வேறு யாருமல்ல, நான்தான். எனக்குப் பதில் தெரியாது, அதனால் அதட்டினேன். மறுநாள் வெட்கப்பட்டு, புத்தகங்களைத் தேடிப் படித்தேன். படித்ததை அதே அடுப்படியில் வைத்து மகளுக்குச் சொன்னேன். இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

எரிமலை எப்படி வெடிக்கிறது? பூமியின் ஆழத்தில் சில இடங்களில் பாறை உருகிக் குழம்பாகிறது. சுற்றியுள்ள பாறையை விட அது இலேசானது என்பதால் மேலே ஏறுகிறது. அதற்குள் நீராவியும் வேறு வாயுக்களும் கரைந்திருக்கின்றன. மேலே வர வர அழுத்தம் குறைகிறது. சோடாப் போத்தலைத் திறந்ததும் குமிழிகள் பொங்குவது போல, குழம்புக்குள்ளும் குமிழிகள் பொங்குகின்றன.

இனி நம் சமையலறைக்கு வாருங்கள். கித்துள் பாணி கொதிக்கும்போது குமிழிகள் இலகுவாக வெளியேறி விடும். பாணி அமைதியாக வழியும். தொதல் கிண்டும்போது அப்படியா? இறுகிய மாவுக்குள் சிக்கிய குமிழி ‘டப்’பென்று வெடித்து, கையைச் சுட்டு விடும். எரிமலைகளிலும் இந்த இரண்டு வகை உண்டு. 1883 ஆகஸ்ட் 27ஆம் திகதி இந்தோனேசியாவில் வெடித்துச் சிதறிய கிரகட்டோவா தொதல் வகை. அது வானத்தில் கக்கிய தூசி பரவி வந்ததால், அடுத்த மாதம் நம் இலங்கையில் சூரியன் பச்சை நிறமாகத் தெரிந்தது.

உலகிலேயே பெரிய எரிமலை எது என்று மகள் கேட்டாள். நாம் அறிந்தவற்றில் மிக உயரமானது பூமியில் இல்லை, செவ்வாய்க் கிரகத்தில் இருக்கிறது. 1971 நவம்பரில் மரினர் 9 என்ற விண்கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது, கிரகம் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. நான்கு கரும்புள்ளிகள் மட்டுமே வெளியே தெரிந்தன. புழுதி அடங்கியதும்தான் அவை நான்கும் பிரமாண்டமான எரிமலைகளின் உச்சிகள் என்பது விளங்கியது.

அவற்றில் மிகப் பெரியது ஒலிம்பஸ் மலை. உயரம் சுமார் 22 கிலோமீற்றர். நம் பேதுருதாலகால மலையின் உயரம் 2,524 மீற்றர்தான். அது போல எட்டு மலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாலும் ஒலிம்பஸின் உச்சியைத் தொடாது. அதன் அடிவாரம் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் அகலம். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை முழு இலங்கையையும் அதற்குள் வைத்து விடலாம்!

பூமியை விடச் சிறிய கிரகத்தில் இவ்வளவு பெரிய மலை எப்படி வந்தது? ஒலிம்பஸ் பாணி வகை. பெரும்பாலும் வெடித்துச் சிதறாமல் வழிந்து வழிந்தே வளர்ந்தது. பூமியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்ந்து கொண்டிருக்கிறது. ஹவாயில் கீழிருக்கும் வெப்பம் ஓரிடத்தில் நிற்க, மேலிருக்கும் தட்டு நகர்கிறது. அதனால் ஒரு மலை அணைய, பக்கத்தில் இன்னொன்று முளைத்து, வரிசையாகத் தீவுகள் உண்டாயின. தோசைக்கல்லை நகர்த்தி நகர்த்தி மாவை விட்டால் சிறு சிறு தோசைகள்தானே கிடைக்கும்? செவ்வாயில் அந்தக் கல் நகரவேயில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒரே இடத்தில் குழம்பு குவிந்தது. அங்கே ஈர்ப்பு விசையும் பூமியில் உள்ளதில் நூற்றுக்கு 38 பங்குதான். ஆகவே மலை தன் பாரத்தைத் தாங்கி இன்னும் உயர முடிந்தது.

பூமிக்கு வெளியே இன்றும் எரிந்து கொண்டிருக்கும் எரிமலைகளைப் பார்க்க வியாழன் கிரகத்தின் ‘ஐயோ’ என்ற சந்திரனுக்குப் போக வேண்டும். பெயரைக் கேட்டு மகள் சிரித்து விட்டாள்! ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் அது சுடும் அல்லவா? ஒரு பக்கம் வியாழனும் மறுபக்கம் மற்றச் சந்திரன்களும் இழுத்து இழுத்து விடுவதால் ஐயோவின் உட்புறம் சூடாகி உருகுகிறது. அங்கே 400க்கும் மேற்பட்ட எரிமலைகள் உள்ளன. காற்று இல்லை என்றே சொல்லலாம், ஈர்ப்பும் குறைவு. ஆகவே சில எரிமலைகள் கக்குவது 300 கிலோமீற்றர் உயரம் வரை குடை போல எழுகிறது.

1979 மார்ச்சில் இதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் லிண்டா மொராபிட்டோ என்ற பெண். வொயேஜர் 1 அனுப்பிய படத்தில் ஐயோவின் ஓரத்தில் மங்கலாக ஏதோ தெரிந்தது. ‘படத்தில் ஏதோ பிழை’ என்று அவர் ஒதுக்கி விடவில்லை; ‘இது என்ன?’ என்று கேட்டார்.

சரி, நம் மலைகள்? இலங்கை தட்டின் ஓரத்தில் இல்லை. ஓரத்திலிருந்து வெகு தூரம் உள்ளே இருக்கிறது. நமக்குக் கீழே உருகிய குழம்பு ஏறி வரும் இடமும் இல்லை. ஹந்தானையும் ஹுன்னஸ்கிரியவும் எரிமலைகள் அல்ல. ஒரு காலத்தில் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய மிகப் பழைய பாறைகள் அவை. சிறு அதிர்வுகள் வரலாம்; பல்லேகலையில் உள்ள நிலையம் அவற்றைப் பதிவு செய்கிறது. நெருப்பு வராது. இதைச் சொன்ன அன்று மகள் விளக்கை அணைத்து விட்டுத் தூங்கினாள்.

ஆனால் நம் மலைகளுக்கு வேறொரு ஆபத்து உண்டு. அது மழை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்து எத்தனை உயிர்கள் போயின என்பதை நாம் மறக்க மாட்டோம். அந்த மழையில் என் மகள் ஓடி வந்து, “உம்மா, பின்பக்க மண்மேட்டில் வெடிப்பு இருக்கு, ஊற்றுத் தண்ணி கலங்கி வருது. இது என்ன?” என்று கேட்டாள். இம்முறை நான் அதட்டவில்லை. போய்ப் பார்த்தேன். இருட்டுவதற்கு முன் எல்லோரும் நானா வீட்டுக்குப் போய் விட்டோம். விடியும்போது மண் சரிந்து எங்கள் சமையலறைச் சுவரில் வந்து நின்றது. அல்ஹம்துலில்லாஹ், உள்ளே யாரும் இல்லை.

சகோதரிகளே, எரிமலையைப் பற்றிக் கேட்ட அன்று நான் அதட்டியதோடு விட்டிருந்தால், வெடிப்பைக் கண்ட அன்று அவள் என்னிடம் வந்திருப்பாளா? பதில் தெரியாவிட்டால் “தெரியாது மகள், தேடிப் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். அது போதும்.