நர்சு சிடுசிடுப்பது ஏன்? ஒரு வார்டு கணக்கு!

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் வத்தலக்குண்டு பஸ்சுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தில், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர்கள் எப்போதும் நாலு பேராவது இருப்பார்கள். கையில் மருந்துப் பை, பிளாஸ்க், எக்ஸ்ரே கவர். வாயைக் கிளறினால் போதும். கொட்டித் தீர்த்துவிடுவார்கள்.

"டாக்டரு தங்கமான மனுசருங்க. அந்த நர்சம்மாதான் எதைக் கேட்டாலும் எரிஞ்சு எரிஞ்சு விழுறாங்க!"

இந்தப் பேச்சு பொய் அல்ல. பெரும்பாலான நர்சுகள் பொறுமைசாலிகள். ஆனாலும், வலியில் துடிப்பவரிடம் "சும்மா கிட" என்று அதட்டும் நர்சும் இருக்கிறார். பிரசவ அறைக்கு வெளியே, "பிள்ளை பிறந்திருக்கு, கவனிங்க" என்று கை நீட்டும் ஊழியர்களும் உண்டு. அப்படிக் காசு கேட்பதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. புகார் செய்ய வேண்டியதுதான். நடவடிக்கை எடுக்க வேண்டியதுதான்.

ஆனால் சிடுசிடுப்பு வேறு கதை. "அவங்க குணமே அப்படி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவது சுலபம். அது குணமா, கூட்டல் கழித்தலா என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா?

ஆளுக்கு 16 நிமிடம்!

30 படுக்கை உள்ள ஒரு வார்டு. ஒரு ஷிப்டு 8 மணி நேரம். அதாவது 480 நிமிடம். அந்த வார்டில் ஒரே ஒரு நர்சு இருந்தால், ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?

16 நிமிடம்!

அந்த 16 நிமிடத்துக்குள் ஊசி, மாத்திரை, பிரஷர், காய்ச்சல் எல்லாம் பார்க்க வேண்டும். டிரிப்ஸ் மாற்ற வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் கூடவே நடக்க வேண்டும். சொன்னதை எல்லாம் எழுத வேண்டும். மருந்து ஸ்டாக் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவரைச் சேர்க்க வேண்டும். வீட்டுக்குப் போகிறவருக்குச் சீட்டு எழுத வேண்டும். இதற்கு நடுவே, "சிஸ்டர், டிரிப்ஸ் முடிஞ்சு போச்சு", "சிஸ்டர், எங்க அப்பாவுக்கு மூச்சு வாங்குது" என்று நாலு பக்கமும் குரல்.

சாப்பிட வேண்டாமா? பாத்ரூம் போக வேண்டாமா? அதற்கெல்லாம் கணக்கில் இடம் இல்லை.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 படுக்கைக்கு ஒரு நர்சு, மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 படுக்கைக்கு ஒரு நர்சு என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. அந்த 3-க்கு 1 கணக்குப்படி 30 படுக்கைக்கு 10 நர்சு வேண்டும். அந்தப் பத்துப் பேரையும் மூன்று ஷிப்டுக்கும் பிரித்துப் போட்டால்கூட ஷிப்டுக்கு மூன்று பேர் நிற்பார்கள். ஒரு நோயாளிக்கு 48 நிமிடம் கிடைக்கும்.

16 நிமிடம் உள்ள நர்சு அதட்டுவார். 48 நிமிடம் உள்ள நர்சு, "என்னங்க ஐயா, ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்பார். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருக்கலாம்!

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறந்து வைக்கப்பட்டது. கட்டிடம் வந்தது. மாணவர்கள் வந்தார்கள். நல்லது. மருத்துவக் கல்லூரி என்று பெயர் வந்துவிட்டால் 3-க்கு 1 என்ற கணக்கும் கூடவே வர வேண்டும் அல்லவா?

விளக்கு மட்டுமா?

மே 12-ந்தேதி நர்சுகள் தினம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820-ல் பிறந்த நாள். அன்று எல்லா ஊரிலும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். உறுதிமொழி எடுப்பார்கள். "சேவையே தெய்வம்" என்று பேசுவார்கள். மறுநாள் காலையில் பழையபடி 16 நிமிடம்.

நைட்டிங்கேல் அம்மையார் விளக்கு மட்டும் பிடித்தவர் அல்ல. கணக்கும் பிடித்தவர். கிரிமியப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைக் கவனிக்க 1854-ல் போனார். சாக்கடை, காற்றோட்டம், துணி, சாப்பாடு எல்லாம் சரியாக இருந்தால்தான் நோயாளி பிழைப்பான் என்று வாதாடினார். எத்தனை பேர் எதனால் செத்தார்கள் என்று புள்ளிவிவரம் எடுத்து அரசாங்கத்தின் முன் வைத்தார். 1860-ல் லண்டனில் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் அவர் போட்ட கணக்கை மட்டும் விட்டுவிடலாமா?

பாடம் எங்கே இருக்கிறது?

"நர்சுகளுக்குப் பேசக் கற்றுக் கொடுங்கள்" என்கிறார்கள். கற்றுக் கொடுக்க வேண்டியதுதான். டிப்ளமோ நர்சிங் 3 ஆண்டு. பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. உடற்கூறு, மருந்து, மகப்பேறு, மனநலம் எல்லாம் படிக்கிறார்கள். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதும் பாடத்தில் உண்டு.

ஆனால் நடத்தை என்பது புத்தகத்தைப் பார்த்து வருவது இல்லை. மனிதரைப் பார்த்து வருவது.

வார்டில் பெரிய டாக்டர் ஹெட் நர்சை நாலு பேர் முன்னிலையில் திட்டுகிறார். ஹெட் நர்சு அந்தக் கோபத்தை ஸ்டாப் நர்சிடம் காட்டுகிறார். ஸ்டாப் நர்சு பயிற்சி மாணவியை விரட்டுகிறார். மாணவி ஆயாவிடம் பாய்கிறாள். ஆயா, படுக்கை அருகே உட்கார்ந்திருக்கும் கிழவியிடம், "யேய், எந்திரி! வெளியே போ!" என்கிறார். உச்சியில் உருண்ட கல் கடைசியில் ஏழை தலையில் விழுகிறது.

17, 18 வயதில் அதைப் பார்த்துக் கொண்டு நிற்கும் மாணவி, வார்டில் இப்படித்தான் பேச வேண்டும் போல என்று பழகிக் கொள்கிறாள். மூன்று ஆண்டு படித்த பாடத்தைவிட, மூன்று நாள் பார்த்த காட்சி பலமாகப் பதிந்துவிடுகிறது.

இந்த மாவட்டத்துக்கு நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. டாக்டர் சவுந்தரம் ராமச்சந்திரன், டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். நினைத்திருந்தால் மதுரையில் கார், பங்களா என்று இருந்திருக்கலாம். 1947-ல் சின்னாளப்பட்டி பக்கம் வந்தார். கணவர் ஜி.ராமச்சந்திரனுடன் சேர்ந்து காந்திகிராமத்தை உருவாக்கினார். சின்னதாகத் தொடங்கிய மருத்துவ உதவி கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. கிராமத்துப் பெண்களைக் கிராமத்துக்கே சேவை செய்யப் பழக்கினார். 1955-ல் ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் தரியன், டாக்டர் ஜேக்கப் செரியன் ஆகியோர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அங்கும் நர்சிங் பயிற்சி வந்தது. பட்டணத்து டாக்டர் பட்டிக்காட்டு நோயாளியிடம் உட்கார்ந்து பேசினால், பக்கத்தில் நிற்கும் மாணவியும் அதையே கற்றுக் கொள்வாள்.

ரோட்டில் உட்கார்ந்த மாணவிகள்

நிலக்கோட்டையில் பூப்பறித்த காசு. வேடசந்தூர் மில்லில் நைட் ஷிப்டு பார்த்த காசு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய காசு. இவைதான் நர்சிங் கல்லூரிகளுக்குப் பீசாகப் போகின்றன. "எம் மக வெள்ளைக் கோட்டு போடுவா" என்ற ஒரே நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கைக்கு என்ன பாதுகாப்பு?

2021 நவம்பரில் திண்டுக்கல் அருகே ஒரு தனியார் நர்சிங் கல்லூரி மாணவிகள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பாலியல் தொல்லை என்று நிர்வாகத்தில் இருந்தவர் மீது புகார். போலீசார் போக்சோ சட்டப்படி வழக்குப் பதிவு செய்தார்கள். வழக்கில் தீர்ப்புச் சொல்வது கோர்ட்டின் வேலை. ஊர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. புகார் சொல்ல ஒரு கமிட்டி, ஒரு அறை, நம்பிக்கையான ஒரு அம்மா இருந்தால், பிள்ளைகள் ஏன் நடுரோட்டுக்கு வர வேண்டும்?

1973 நவம்பரில் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அருணா ஷான்பாக் என்ற நர்சு, கூட வேலை பார்த்த ஊழியனாலேயே தாக்கப்பட்டார். 2015 மே மாதம் சாகும்வரை 41 ஆண்டுக்கு மேல் அதே ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்தார். உடன் பணிபுரிந்த நர்சுகள்தான் கடைசிவரை அவரைக் கவனித்தார்கள். 2013-ல் வந்த சட்டப்படி, 10 பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் பெண்களின் புகாரை விசாரிக்கக் கமிட்டி இருக்க வேண்டும். அதன் விவரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்ட வேண்டும். 10 பேருக்குக் குறைந்த இடம் என்றால் மாவட்டக் கமிட்டியிடம் போகலாம். திண்டுக்கல்லில் எத்தனை ஆஸ்பத்திரிச் சுவரில் அந்த நோட்டீசு இருக்கிறது?

பூட்டு ஊரில் இன்னொரு பூட்டு

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர். ஆனால் படித்த பெண்ணின் சான்றிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டுவது எந்தத் தொழில்? சில தனியார் ஆஸ்பத்திரிகளில் வேலைக்குச் சேரும்போதே அசலை வாங்கி வைத்துக் கொள்கிறார்கள் என்ற புலம்பல் பல ஊர்களில் கேட்கிறது. சம்பளம் பிடிக்கவில்லை, வேறு இடம் போகிறேன் என்றால், "பணத்தைக் கட்டிட்டு வாங்கிக்கோ" என்கிறார்கள். சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை ஐகோர்ட்டு சொல்லியிருக்கிறது. அது பல பேருக்குத் தெரியவில்லை.

சம்பளக் கதை இன்னும் சோகம். நர்சுகள் சங்கம் போட்ட வழக்கில் 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட, மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியானாலும் நர்சுக்கு மாதம் ரூ.20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்சுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று கமிட்டி சிபாரிசு செய்தது. சிபாரிசு மாநிலங்களுக்கு வந்து சேர்ந்தது. சம்பளக் கவருக்குள் வந்து சேர்ந்ததா என்பதை நர்சுகளைத்தான் கேட்க வேண்டும்.

அரசு வேலை மட்டும் என்ன வாழ்ந்தது? 2015-ல் பரீட்சை எழுதித் தேர்வான நர்சுகள் மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று நம்பினார்கள். நடக்கவில்லை. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் தொகை ரூ.14 ஆயிரம் ஆயிற்று. 2020 மார்ச்சில் நாடே மாடியில் நின்று அவர்களுக்காகக் கை தட்டியது. கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட நர்சுகளுக்கு 2022 டிசம்பர் 31-ந்தேதியோடு வேலை முடிந்தது என்றார்கள். 2023 ஜனவரியில் அவர்கள் போராடினார்கள். மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது. தட்டிய கை வேறு, கையெழுத்துப் போடும் கை வேறு!

உட்கார நாற்காலி

கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு உட்கார இடம் கொடு என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. ஜவுளிக்கடைக்காரர்கள் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. நின்றே கால் வீங்கும் நர்சுக்கும் ஒரு நாற்காலி வேண்டும். நைட் ஷிப்டில் முகம் கழுவித் தலை சாய்க்க ஒரு அறை வேண்டும். பஸ் இல்லாத நேரத்தில் டியூட்டி முடிந்தால் வீடு போய்ச் சேர ஒரு வண்டி வேண்டும். இதெல்லாம் சலுகை அல்ல. நாளைக்கு அவர் கை நடுங்காமல் ஊசி போட இதுதான் மூலதனம்.

பொதுமக்கள் பங்கும் உண்டு. ஒரு நோயாளிக்குப் பத்துப் பேர் போய் கட்டிலைச் சுற்றி நிற்பது, குடித்துவிட்டுப் போய் சத்தம் போடுவது, "ஏய் நர்சு" என்று கூப்பிடுவது எல்லாம் நம் ஊர்ப் பழக்கம்தான். ஆஸ்பத்திரி ஊழியரை அடித்தால் 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை ஜெயில் என்று தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து வேண்டாம். "சிஸ்டர், கொஞ்சம் பார்க்குறீங்களா?" என்று கேட்டால் காசா பணமா?

அதட்டும் நர்சைக் கண்டிக்க ஊருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையோடு இன்னொரு கேள்வியும் கேட்கட்டும். வார்டுக்கு எத்தனை நர்சு? பிரஷர் மாத்திரை வாங்கப் போகிற கிளார்க்கும், தாயைச் சேர்க்கப் போகிற கடைக்காரரும் அதைக் கேட்டால், நிர்வாகம் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒரு கரும்பலகை வைக்கட்டும். "இன்று படுக்கை இத்தனை, நோயாளி இத்தனை, நர்சு இத்தனை" என்று எழுதட்டும். ஒரு சாக்பீசு செலவுதான்.

கலெக்டரும் மருத்துவத் துறை அதிகாரிகளும் தனியார் ஆஸ்பத்திரி முதலாளிகளும் அந்தப் பலகையை மாட்டி, கணக்கைச் சரி செய்ய முன்வருவார்களா?