நிலக்கரியா? காத்தா? வெயிலா? கணக்கை முழுசாப் போடுவோம்!

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சுக்கிட்டே கடைசி வரை படிச்சுடுங்க.

போன வாரம் எங்க பகுதி வாட்ஸ்அப் குழுவுல பெரிய சண்டை. "எல்லா அனல்மின் நிலையத்தையும் உடனே மூடணும்"னு ஒரு தம்பி போட்டார். "சோலார் எல்லாம் ஏமாத்து வேலை. ராத்திரில வெயில் அடிக்குமா?"ன்னு ஒரு அண்ணன் திருப்பிக் கேட்டார். ரெண்டு பக்கமும் கைதட்டல். நான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிச்சவன். ரெண்டு பேர் சொன்னதுலயும் பாதிதான் சரி. மீதிப் பாதியை யாராவது சொல்லணும் இல்லையா?

முதல்ல ஒண்ணு. 2012ல நான் ஒன்பதாவது படிச்சேன். ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தா அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. அம்மா கிரைண்டர்ல போட்ட மாவு பாதி அரைஞ்சு நிக்கும். நான் மெழுகுவத்தி வெளிச்சத்துல கணக்கு போடுவேன். அந்த நாள் திரும்ப வரக்கூடாது. அதனால "சுற்றுச்சூழலுக்காக இருட்டுல இருங்க"ன்னு சாமானிய மக்கள்கிட்ட சொல்ற உரிமை யாருக்கும் இல்ல. கரண்ட் வரணும். அது எதுல இருந்து, யார் தலையில பாரத்தை வெச்சு வருதுங்கிறதுதான் கேள்வி.

🔴 நிலக்கரிக் கணக்கு

நம்ம மாநிலத்துல கறுப்பு நிலக்கரி கிடையாது. நம்ம மின்வாரியத்துக்கான நிலக்கரியில பெரும்பகுதி ஒடிசாவுல இருந்து வருது. சுரங்கத்துல இருந்து பாரதீப் துறைமுகம் வரை ரயில். அங்கிருந்து எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கப்பல். மேட்டூருக்கு மறுபடியும் ரயில். இந்தச் சங்கிலியில ஒரு கண்ணி அறுந்தாலும் நமக்கு பவர் கட்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரியணும். மேட்டூர் பழைய நிலையத்துல 210 மெகாவாட் அலகு நாலு இருக்கு. அதுல ஒரே ஒரு அலகு ஒரு நாள் முழுத் திறனில் ஓடினா 50 லட்சம் யூனிட் கிடைக்கும். அதுக்கு 3,500 டன் நிலக்கரி வேணும். நம்ம நாட்டு நிலக்கரியில 30 முதல் 40 சதவீதம் சாம்பல். அப்போ ஒரு நாளைக்கு ஒரு அலகுல மட்டும் 1,000 டன்னுக்கு மேல சாம்பல்!

அந்தச் சாம்பல் எங்க போகுதுன்னு தெரியணும்னா எண்ணூருக்குப் போய்ப் பாருங்க. கொசஸ்தலை ஆத்துல காலை வெச்சா சேறோட சாம்பலும் ஒட்டும். இறாலும் நண்டும் பிடிச்சுப் பிழைச்ச மீனவக் குடும்பங்கள்தான் அதுக்கு விலை கொடுக்கறாங்க. உங்க வீட்டு இபி பில்லுல அந்த விலை ஏறவே ஏறாது. "நிலக்கரி மின்சாரம் மலிவு"ன்னு சொல்றவங்க விட்டுட்ட வரி இதுதான்.

நெய்வேலியையும் மறக்கக்கூடாது. 1956ல தொடங்குன அந்த நிறுவனம் தென்மாநிலங்களுக்கே வெளிச்சம் கொடுத்தது, ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை கொடுத்தது. மறுக்க முடியாது. ஆனா பழுப்பு நிலக்கரி எடுக்கணும்னா மேல இருக்குற மொத்த நிலத்தையும் புரட்டிப் போட்டாகணும். சுரங்கம் தள்ளிப் போகப் போக ஊரும் தள்ளிப் போகணும். 2023 ஏப்ரல்ல காவிரிப் படுகையையொட்டிய மூணு வட்டாரங்கள் ஏலப் பட்டியல்ல இருந்தது தெரிஞ்சு தமிழ்நாடே கொதிச்சது. அப்புறம்தான் ஒன்றிய அரசு அதை நீக்குச்சு. அதே வருஷம் ஜூலைல வளையமாதேவியில, விளைஞ்சு நின்ன நெற்பயிருக்கு நடுவுல இயந்திரங்கள் இறங்கி கால்வாய் வெட்டுனதைப் பார்த்தோம். சோறு போடுற மண்ணைத் தோண்டித்தான் விளக்கு எரியணுமா?

🟢 காத்து, வெயில் கணக்கு

எரிபொருளுக்குக் காசே இல்ல. கப்பல் இல்ல, சாம்பல் இல்ல. 1986லயே தூத்துக்குடி முள்ளக்காட்டுல காற்றாலை வெச்ச மாநிலம் நம்மளது. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி வழியா மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரை வர்ற காத்து நமக்குக் கிடைச்ச சொத்து. இன்னைக்கு 10,000 மெகாவாட்டுக்கு மேல காற்றாலை நிக்குது. ஆனா பல வருஷம் முதலிடத்துல இருந்த நம்மளை குஜராத் முந்திடுச்சு.

ஏன்? நல்லா காத்தடிக்கிற இடத்துல எல்லாம் 1990கள்ல வெச்ச சின்னக் காற்றாலைகள் நிக்குது. ஒவ்வொண்ணும் 225, 250 கிலோவாட். இப்ப வர்ற ஒரு காற்றாலையே 2,000, 3,000 கிலோவாட். அதே முப்பந்தல், அதே காத்து. பழசை மாத்தினாலே புது நிலம் தேடாம உற்பத்தியை ஏத்தலாம்.

இனி அண்ணன் கேட்ட கேள்வி. ராத்திரில வெயில் அடிக்காது. உண்மைதான். 1,000 மெகாவாட் சோலார்னா வருஷம் முழுக்க சராசரியா அதுல அஞ்சுல ஒரு பங்குதான் கிடைக்கும். 2025ல நாட்டின் மொத்த நிறுவுதிறன்ல பாதி நிலக்கரி, எரிவாயு இல்லாததுன்னு பெருமையா சொன்னாங்க. நல்ல செய்திதான். ஆனா வீட்டுக்கு வர்ற யூனிட்டுல பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான். நிறுவுதிறன் வேற, உற்பத்தி வேற. மீம் போடும்போது இதைக் குழப்பிக்காதீங்க. எதிர்த்தரப்பு சுலபமா மடக்கிடுவாங்க.

மத்தியானம் 12 மணிக்கு சோலார் கொட்டும். சாயங்காலம் 7 மணிக்கு வீட்ல லைட், ஃபேன், ஏசி, டிவி எல்லாம் ஓடும்போது அது பூஜ்யம். அப்போ மத்தியானத்துக் கரண்டைச் சாயங்காலத்துக்குக் கொண்டு வரணும். அதுக்கு வழி இல்லையா? நம்மகிட்டயே இருக்கு. கோவை மாவட்டம் காடம்பாறையில 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980களின் கடைசியில இருந்து இயங்குது. கரண்ட் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணியை மேல் அணைக்கு ஏத்து, தேவைப்படும்போது திறந்து விடு. அவ்வளவுதான். அடுத்ததா நீலகிரி குந்தாவுல 500 மெகாவாட். அந்த வேலை வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டு இருக்கு. சேமிப்புல கோட்டை விட்டுட்டு "சோலார் வேலைக்கு ஆகாது"ன்னு சொன்னா எப்படி?

🟡 பச்சைன்னா எல்லாமே நியாயமா?

இல்ல தோழர்களே. 2015ல கமுதி சூரியசக்தி நிலையத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 காசுன்னு 25 வருஷ ஒப்பந்தம் போட்டாங்க. ரெண்டே வருஷத்துல, 2017ல ராஜஸ்தான் பட்லாவுல ஏல விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்குச்சு. வெயில் இலவசம்தான். ஆனா ஒப்பந்தம் இலவசம் இல்ல. நிலக்கரியில செலவு நாள்தோறும் எரியுது. சோலார்ல முதல் நாளே போட்ட கையெழுத்து 25 வருஷம் நம்ம கழுத்துல தொங்குது. அதனாலதான் யார் கையெழுத்து போடுறாங்க, என்ன விலைக்குப் போடுறாங்கன்னு நாம கேக்கணும்.

ஆடு மேய்ஞ்ச தரிசையும் மழைத்தண்ணி போற ஓடையையும் மறிச்சு பேனல் போட்டா, அங்க இருக்குற விவசாயிக்கு அது இன்னொரு சுரங்கம்தான். மொட்டை மாடி இருக்குறவங்க 3 கிலோவாட் போட்டா ஒன்றிய அரசு 78,000 ரூபாய் மானியம் தருது. வாடகை வீட்ல இருக்குறவங்க, ஓட்டு வீட்ல இருக்குறவங்க என்ன பண்ணுவாங்க?

✊ நாம கேக்க வேண்டியது

1. குந்தாவுக்கு முடிவு தேதி. சாயங்காலத் தேவைக்கு பேட்டரி, நீரேற்று சேமிப்பு.
2. பழைய காற்றாலைகளை மாத்துறதுக்கு வேகம்.
3. அரசுப் பள்ளி, மருத்துவமனை, ஊராட்சி அலுவலகக் கூரைகள்ல சோலார். மாடி இல்லாத குடும்பத்துக்கும் அதுல பங்கு.
4. ஒவ்வொரு மின்கொள்முதல் ஒப்பந்தமும் தமிழ்ல, மக்கள் பார்வைக்கு.
5. எந்த அனல் நிலையத்தை மூடினாலும், அதுக்கு முன்னாடியே அங்க உள்ள ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாற்று வேலை. நிலம் கொடுத்த குடும்பத்துக்குப் பாக்கி இல்லாம நியாயம்.

இப்போ அந்தத் தம்பிக்கு: நாளைக்கே மூட முடியாது. சேமிப்பு வந்தாதான் மூட முடியும். அந்த அண்ணனுக்கு: ராத்திரில வெயில் அடிக்காதுதான், ஆனா காடம்பாறையில தண்ணி ராத்திரியிலும் இறங்கும்.

அடுத்த கிராம சபைக்குப் போறப்போ ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம ஊர்ப் பள்ளிக்கூடக் கூரையில சோலார் எப்போ?" பதிலைக் கமெண்ட்ல போடுங்க. ஊர் ஊரா தொகுத்து அடுத்த பதிவுல போடுறேன்.

படிச்சதோட விட்டுடாம பகிருங்க!

— தகவல் தொழில்நுட்ப அணித் தொண்டன்

#கணக்கைக்கேள் #காத்தும்வெயிலும்மக்களுக்கே