கயிறு அறுந்தால்...

ஆகாய விமானம் என்றதும் அதன் இரைச்சல்தான் முதலில் நம் நினைவுக்கு வரும். இரைச்சலே இல்லாத விமானங்களும் யுத்தத்துக்குப் போனதுண்டு. அவற்றுக்குக் கிளைடர் என்று பெயர். கிளைடருக்கு யந்திரம் கிடையாது. வடம் பிடித்துத் தேரை இழுப்பது போல, வேறொரு விமானம் அதைக் கயிறு கட்டி ஆகாயத்தில் இழுத்துச் செல்லும். குறித்த இடம் வந்ததும் கயிற்றை விடுவித்துக்கொண்டு, கிளைடர் பூமியை நோக்கிச் சறுக்கி இறங்கும். இறங்கும் இடம் சரியில்லையென்றால் மறுபடி மேலே எழும்ப அதற்குச் சக்தி இல்லை. கிளைடர் ஓட்டிக்குக் கிடைப்பது ஒரே ஒரு சந்தர்ப்பம்.

இத்தகைய கிளைடர் படை ஒன்று நம் நாட்டு மண்ணிலிருந்தே புறப்பட்டது. 1944-ஆம் வருஷம் மார்ச் மாதம் 5-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை. இடம், அஸ்ஸாமிலுள்ள லாலாகாட் விமானத்தளம். வட பர்மாவில் ஜப்பானியரின் முதுகுப்புறத்தே 'சிண்டிட்' துருப்புகளை இறக்கி, அவர்களுடைய போக்குவரத்தைத் துண்டிப்பது ஜெனரல் விங்கேட்டின் திட்டம். துருப்புகளைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு கர்னல் காக்ரனின் அமெரிக்க விமானப் பிரிவினுடையது. காட்டின் நடுவே இருந்த 2 வெட்டவெளிகளில் அன்றிரவு இறங்குவதாக ஏற்பாடு. ஒன்றுக்கு 'பிராட்வே', மற்றொன்றுக்கு 'பிக்காடில்லி' என்று சங்கேதப் பெயர்கள்.

அவர்களிடம் இருந்தவை 'வாகோ' கிளைடர்கள். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே துணிப் போர்வை, மரத்தாலான இறக்கைகள், இவ்வளவுதான். பியானோ செய்வதில் பேர் பெற்ற ஸ்டெயின்வே கம்பெனியார்கூட இவற்றுக்கு மரப் பாகங்கள் செய்து கொடுத்தார்கள். ஒன்றில் 13 சிப்பாய்கள் ஏறலாம். அல்லது ஒரு ஜீப் வண்டியை ஏற்றலாம். ஓட்டிகளில் ஒருவர் ஜாக்கி கூகன். சார்லி சாப்ளினின் 'தி கிட்' படத்தில் சிறு பையனாக நடித்துப் பார்த்தவர் மனத்தையெல்லாம் உருக்கியவர் அவரே.

இறங்குமிடங்களின் மேல் விமானம் பறந்தால் எதிரிக்குச் சந்தேகம் உண்டாகும் என்பதற்காக, அவ்விதம் பறக்கலாகாதென்று விங்கேட் தடை விதித்திருந்தார். காக்ரனோ கடைசி நேரத்தில் ஒரு விமானத்தை அனுப்பிப் படம் பிடித்து வரச் செய்தார். கிளைடர்கள் கிளம்ப அரை மணி நேரம் இருக்கையில் படம் வந்து சேர்ந்தது. பிக்காடில்லி முழுவதும் தேக்கு மரங்கள் கிடந்தன! இது எதிரியின் சூழ்ச்சியோ என்று எல்லோரும் திகைத்தார்கள். வெட்டிய மரங்களை உலர்த்துவதற்காகப் பர்மியத் தொழிலாளர் அங்கே போட்டு வைத்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அத்தனை கிளைடர்களையும் பிராட்வேக்கே அனுப்புவதென்று முடிவாயிற்று.

ஒவ்வொரு விமானமும் 2 கிளைடர்களை இழுத்துக்கொண்டு மலைத்தொடரைத் தாண்ட வேண்டியிருந்தது. ஏற்றிய பாரமோ அளவுக்கு மிஞ்சியது. வழியில் பல கயிறுகள் அறுந்தன. சில கிளைடர்கள் எதிரியின் முகாம்களுக்கு அருகிலேயே விழுந்தன. புறப்பட்டவை 60-க்கு மேல். பிராட்வேயை அடைந்தவை ஏறத்தாழப் பாதிதான்.

அங்கே எதிரி ஒருவனும் இல்லை. ஆனால் புல்லுக்கு அடியில் ஆழமான பள்ளங்கள் ஒளிந்திருந்தன. முன்பு யானைகள் தேக்கு மரங்களை இழுத்துப் போன தடங்கள் அவை. அவற்றில் சிக்கிக் கிளைடர்களின் சக்கரங்கள் முறிந்தன. உடைந்து கிடந்தவற்றை அப்புறப்படுத்துவதற்குள் அடுத்த கிளைடர்கள் இருளில் வந்து மோதின. அந்த வெளியில் மட்டும் 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்னும் பலர் காயமுற்றனர்.

நள்ளிரவுக்குப் பின் லாலாகாட்டுக்கு ஒரு சங்கேதச் செய்தி வந்தது: 'ஸோயா லிங்க்'. சிப்பாய்கள் வாயில் வைக்கவே வெறுத்த ஒரு பண்டத்தின் பெயர் அது. காரியம் கெட்டது என்பதே அதற்கு அர்த்தம். வழியிலிருந்த கிளைடர்களைத் திரும்ப அழைத்துவிட்டு, எதிரி தாக்கிவிட்டானோ என்று எல்லோரும் கலங்கி நின்றார்கள். விடிந்த பிறகு இன்னொரு செய்தி வந்தது: 'போர்க் ஸாஸேஜ்'. சைவ நேயர்கள் பொறுத்தருள வேண்டும். காரியம் ஜயம் என்பதற்கு அவர்கள் வைத்திருந்த அடையாளச் சொல் அது. பிழைத்தவர்கள், கிளைடரில் வந்த சிறு மண்வாரி யந்திரங்களைக் கொண்டு பகலெல்லாம் பள்ளங்களை நிரவினார்கள். அன்று இரவே டக்கோட்டா விமானங்கள் அணி அணியாக அங்கே இறங்கின. சுமார் ஒரு வாரத்துக்குள் பிராட்வேயிலும் அதையடுத்து அமைத்த தளத்திலுமாக ஏறக்குறைய 9,000 பேரும், ஆயிரத்துக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகளும் குதிரைகளும் வந்து சேர்ந்தார்கள்.

சரித்திர நூல்கள் இதைப் பெரிய சாதனையென்று புகழ்கின்றன. சாதனைதான், சந்தேகமில்லை. ஆயினும் பிராட்வேயில் அன்றிரவு மாண்டவர்கள் எதிரியின் குண்டுக்கு இரையானவர்கள் அல்லர். பிக்காடில்லியில் கிடந்த மரங்களைப் புகைப்படம் காட்டிக் கொடுத்தது. பிராட்வேயின் புல்லுக்குள் இருந்த தடங்களை எந்தப் படமும் காட்டவில்லை. அவற்றை அறிந்திருந்தவன் அங்கே யானை ஓட்டி மரம் இழுத்த பர்மியப் பாகன் ஒருவனே. அவனைக் கண்டு கேட்க, வானத்தில் வந்தவர்களுக்கு வழியில்லாமற் போயிற்று.