நாலு பேர் வேண்டும்

கலூரில் குடியேறி ஒன்பது வருஷம். குருவாயூருக்கு எத்தனை தடவை போயிருப்போம் என்று கணக்கே இல்லை. ஆனால் போகிற வழியில், கண்டாணசேரிப் பக்கம் அரியன்னூரில் வண்டியை நிறுத்தியது போன மாசம்தான்.

அங்கே நிற்பவை குடைக்கல்லுகள். செதுக்கிய செம்புரைக்கல் நாலை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தி, மேலே ஓலைக்குடை மாதிரி ஒரு பெரிய கல்லைக் கவிழ்த்திருக்கிறார்கள். "அப்பா, காளான்!" என்றாள் பொண்ணு. "செத்துப்போனவங்களுக்கு வெச்ச குடைம்மா" என்றேன்.

இது சுமார் 2000 வருஷப் பழசு. குன்னங்குளம் பக்கத்தில் போர்க்குளத்தில் 1948ல் பி.கே. தாப்பர் அகழ்ந்தபோது தாழியும் மண்கலங்களும் இரும்புச் சாமான்களும் கிடைத்தன. ஆதிச்சநல்லூர் பற்றிப் படித்தவர்களுக்கு இது பழகின சமாச்சாரம். அன்றைக்கு இது சேர நாடு. 'கணவனோடு எனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்' என்று குயவரிடம் கேட்கிற பெண் புறநானூற்றில் (256) இருக்கிறாள். நம்மூரு, அவங்க ஊரு என்கிற கோடெல்லாம் பிற்பாடு வந்தது.

நிற்க. எனக்கு உறைத்தது வேறு விஷயம். அந்த மூடுகல்லை ஒரு வீட்டு ஆட்கள் மட்டும் ஏற்றியிருக்க முடியாது. வெட்ட, இழுக்க, தூக்கி வைக்க என்று ஊரே வந்திருக்கணும்.

ரெண்டு வருஷம் முன்னால் எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்ப் பெரியவர் தவறிப்போனார். மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தவர். ஊருக்குக் கொண்டுபோக முடியாமல் இங்கேயே தகனம். எனக்கு அன்றைக்கு ஆபீஸில் மீட்டிங். வாட்ஸப்பில் 'ஆழ்ந்த இரங்கல்' போட்டேன். தூக்க ஆள் போதாமல் ஆம்புலன்ஸ் டிரைவர் தோள் கொடுத்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த மகனை லிஃப்டில் பார்த்தால் இன்றைக்கும் எனக்குத் தலை குனிகிறது.

பொங்கலுக்குக் கூடுகிறோம், ஓணத்துக்கு இலை எத்தனை என்று முன்கூட்டியே கணக்கு எடுக்கிறோம். 'நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்' என்று சொல்லி வளர்த்த ஊர்க்காரர்கள்தான் நாம். பிழைக்க வந்த இடத்தில் அதை மட்டும் எப்படி விட்டோம்?

போன வாரம் ஒரு பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறோம். துக்கம் என்றால் ஆம்புலன்ஸுக்கு யார் சொல்வது, காகித வேலைக்கு யார் அலைவது, குழந்தைகளை யார் வீட்டில் விடுவது, யார் சமைத்துக் கொடுப்பது. "இதென்ன அபசகுனமா?" என்று ரெண்டு பேர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். பதினொரு வீடு பெயர் கொடுத்திருக்கிறது. முதல் பெயர் அந்த மகனுடையது.

நீங்கள் இருக்கிற ஊரில் எப்படி? ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டால் வர, உங்களுக்கு நாலு பேர் இருக்கிறார்களா? அதைவிட, நீங்கள் யாருக்காவது அந்த நாலில் ஒருத்தரா?