உரையாசிரியர்களும் நிரலாளர்களும்

நிரலாளர் வேலைக்கு விண்ணப்பிப்போரிடம் பல இடங்களில் கேட்கப்படும் கேள்வி, "சொந்தமாக என்ன செய்திருக்கிறீர்கள்?" என்பது. அலுவலகத்தில் எழுதிய நிரல் நிறுவனத்தின் உடைமை. வெளியே காட்ட இயலாது. வீடு திரும்பியபின் குழந்தைக்கும் முதிய பெற்றோருக்கும் பொழுதைக் கொடுப்பவர்களிடம் விடுமுறை நாளில் எழுதிய மென்பொருள் எதுவும் இராது. அவர்களை ஆர்வமற்றவர்கள் என்று ஒதுக்குவது அநீதி என்றே நாங்கள் கருதுகிறோம்.

இலக்கியம் வாசிக்கும் நமக்கு இது விளங்காத செய்தியன்று. பரிமேலழகரை நாம் போற்றுவது திருக்குறளுக்கு அவர் எழுதிய உரைக்காக. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தார். ஏடுகளை ஒப்பிட்டு, பிழை களைந்து, பாடபேதம் குறித்த அவ்வுழைப்பில் அவருடைய புலமை முழுதும் தெரிகிறது.

கணினித் துறையிலும் இதற்குச் சான்றுண்டு. நிரலில் செய்யப்படும் மாற்றங்களைப் பதிந்து காக்கும் 'கிட்' என்னும் மென்பொருளை 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலையில் அதன் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோ ஏற்றார். பிறர் தொடங்கியதைப் பல்லாண்டுகள் பேணி வளர்த்தவர் என்பதே அவருக்குப் புகழ் சேர்த்தது.

ஆகவே, காட்டுவதற்கென்றே அவசரமாக ஒரு செயலியை யாரும் செய்ய வேண்டியதில்லை. தாம் அன்றாடம் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதில் ஒரு வழு எந்தச் சூழலில் தோன்றுகிறது என்று தெளிவாக எழுதி அனுப்பலாம். விடுபட்ட சோதனையைச் சேர்க்கலாம். குழப்பமான ஆவணத்தைத் திருத்தலாம். கிட் ஒவ்வொரு மாற்றத்துடனும் அதைச் செய்தவர் பெயரையும் நாளையும் பதிந்து வைக்கிறது. மாற்றத்தை ஏற்குமுன் நிகழும் விவாதமும் பெரும்பாலும் பொதுவில் நிற்கிறது. ஒருவர் மறுப்பை எவ்வாறு எதிர்கொள்கிறார் என்பதை அங்கே காணலாம். தனித்து எழுதிய நிரல் அதைக் காட்டாது.

அதற்கும் பொழுதில்லாதோர், பணியில் தீர்த்த சிக்கல் ஒன்றை, நிறுவனத்தின் இரகசியம் எதையும் வெளியிடாமல், இரண்டு பக்கத்தில் எழுதலாம்: சிக்கல் யாது, எவ்வழிகளை ஆராய்ந்தோம், எதனை ஏன் விலக்கினோம்.

தேர்வு செய்வோருக்கும் ஒரு சொல். காப்பியம் இயற்றியவரே புலவர் என்று வரையறுத்தால் அடியார்க்குநல்லாருக்கு நம் அவையில் இடமில்லை. நிறுவனங்களில் பெரும்பகுதி நாள் நடப்பது, பிறர் எழுதிய நிரலைப் படித்துத் திருத்தும் வேலைதான். அதற்கு ஆள் தேடுவோர், நேர்முகத் தேர்வில் பழைய நிரல் ஒன்றை முன்வைத்து, "இதை எவ்வாறு செப்பனிடுவீர்கள்?" என்று கேட்பதே முறை.