அரிசி மாவுக்கும் அறிவு கூர்மையாகும்

எழுத்து ஓடவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஓய்வெடு என்று சொல்கிறவர் இப்போது இல்லை. ஏதாவது மாத்திரையைத்தான் சொல்வார்கள். மூளையைக் கடையில் கூர் தீட்டலாம் என்ற இந்த நம்பிக்கைக்கு நானும் நாலு மாதம் அடிமை. மாதம் 1,400 ரூபாய். வல்லாரை, நீர்ப்பிரமி, ஜிங்கோ மூன்றும் கலந்த கேப்ஸ்யூல். எது எத்தனை மில்லிகிராம் என்று குப்பியில் போடவில்லை, மொத்த எடை மட்டும்தான். காய்கறிக்காரரிடம் இப்படி வாங்குவோமா?

முதல் வாரமே நாட்குறிப்பில் 'மனம் தெளிவு' என்று எழுதிவிட்டேன். கணக்கு எழுதும் வேலை பார்க்கும் என் மனைவி அதைப் படித்துவிட்டு, "வேலை செய்யுதுன்னா, தெரியாமக் குடுத்தாலும் செய்யணுமில்லீங்க?" என்றாள். இருபது கேப்ஸ்யூல் எடுத்து, பத்தில் பொடியைக் கொட்டிவிட்டு அரிசி மாவை அடைத்தாள். எது என்றைக்கு என்பது அவள் காலண்டரில் மட்டும். இருபது நாள் முடிந்து ஒத்துப் பார்த்தோம். மருந்து உள்ளே போன நாட்களில் 'மனம் தெளிவு' ஐந்து. அரிசி மாவு போன நாட்களில் ஆறு.

ஒருத்தன் அனுபவம் ஆதாரமாகுமா என்பீர்கள். ஆகாது. ஆனால் இவற்றை விற்கிறவர்கள் காட்டுவதும் 'எனக்குக் கேட்டது' என்ற அதே ஒற்றை அனுபவத்தைத்தானே! நீர்ப்பிரமியை 12 வாரம் விடாமல் சாப்பிட்டவர்களுக்கு நினைவு சற்றுக் கூடியதாகச் சொல்லும் சிறு ஆய்வுகள் உண்டு, மறைக்கவில்லை. ஜிங்கோ கதை வேறு. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் சோதித்து 2008இல் முடிவு வெளியிட்டார்கள்: மறதிநோயை அது தடுக்கவில்லை. படைப்பாற்றலுக்கோ, இவை எதிலும் உருப்படியான சான்றை நான் கண்டதில்லை.

"மூலிகையை விடு, மொடாஃபினில் இருக்கே" என்பது அடுத்த கட்சி. அடக்க முடியாமல் தூங்கி விழும் நோய்க்கான மருந்து அது. மருத்துவர் சீட்டு வேண்டும். 2023இல் வெளிவந்த ஒரு சோதனையில், ஆரோக்கியமான நாற்பது பேருக்கு மொடாஃபினிலும் வேறு இரண்டு ஊக்க மருந்துகளும் முறை வைத்துக் கொடுத்து ஒரு புதிர் வைத்தார்கள். இவ்வளவு எடைதான் தாங்கும் என்ற பைக்குள் எந்தப் பொருட்களைப் போட்டால் மதிப்பு அதிகம்? மருந்து உண்டவர்கள் அதிகம் மெனக்கெட்டார்கள், பொருட்களை எடுத்து எடுத்து மாற்றினார்கள். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின் தரமும் குறைந்தது. மருந்தில்லாமலே நன்றாகச் செய்தவர்கள்தான் சறுக்கினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கெடு நெருங்கிய ஓர் இரவு ஐந்து காபி குடித்துப் பதினான்கு பக்கம் எழுதினேன். உதவி ஆசிரியர் பதினொன்றை வெட்டினார். காபி பொய் சொல்வதில்லை, களைப்பை உணர்த்தும் அடினோசினை மூளைக்குள் மறிக்கிறது, அவ்வளவுதான். களைப்பு எங்கும் போய்விடுவதில்லை. கை ஓடுவதைப் புத்தி ஓடுவதாக நினைத்தது நான்.

மூளையைக் கூர் தீட்டும் மருந்துக்கு 'நூட்ரோபிக்' என்ற சொல்லை 1972இல் உண்டாக்கிய ருமேனிய விஞ்ஞானி கொர்னேலியு ஜுர்ஜியா, அப்படிப்பட்ட மருந்து தூண்டவும் கூடாது, மயக்கவும் கூடாது, பக்கவிளைவும் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றார். இன்று அந்தப் பெயரில் புழங்கும் ஊக்க மருந்துகளை அவரே வாசலில் நிறுத்தியிருப்பார்.

எந்த பிராண்ட் நல்லது என்று நண்பர்கள் இன்னும் கேட்கிறார்கள். வாங்கிய குப்பியோடு வீட்டுக்கு வாருங்கள். அரிசி மாவு இருக்கிறது, காலண்டரும் இருக்கிறது.